சூளையில் கருகிய சிவப்பு

1838 அக்டோபர் 9
பீங்கான் ஆலைக் குடியிருப்பு

அன்புள்ள ஸவேலி அத்தானுக்கு,

எர்மலாய் எழுதுவது. நலம் விசாரித்து நீட்டி முழக்க எனக்கு வராது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். பட்டாளத்துக்கு ஆள் ஏற்ற வந்த வண்டியில் ஏறும்போது என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனீர்கள். தளபதிக்கென்று நீங்கள் வரைந்து நான் சூளையில் சுட்ட பன்னிரண்டு தட்டுகளிலும் குதிரைப்படைக்காரர்களின் சிவப்புக் கழுத்துப்பட்டை ஈரல் நிறத்துக்குப் போயிருந்தது. தன் அடிமைகளான நம்மில் யார் தப்பு என்று எஜமானர் கேட்டார். "சூளை சரியாத்தான் இருந்துச்சு, கலந்த வர்ணம்தான் தப்பு" என்றேன். பீட்டர்ஸ்பர்க்கில் மூன்று வருஷம் சூளை வேலை படித்த நான் சொன்னால் நம்பத்தானே செய்வார்? அதற்காக உங்களை இருபத்தைந்து வருஷம் பட்டாளத்தில் தள்ளுவார் என்று நான் கண்டேனா?

அக்கா உஸ்தீனியா என்னோடு பேசுவதில்லை. முட்டைக்கோஸ் சூப்பை மேஜையில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். உங்கள் மனைவிக்கு நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் மைத்துனன்,
எர்மலாய்


1838 டிசம்பர் 2
துலா நகரம், படைவீடு

அன்பு எர்மலாய்க்கு,

பட்டாளத்துக்கு எடுத்தவன் என்பதற்கு அடையாளமாக முன்தலையைச் சிரைத்துவிட்டார்கள். இங்கே கண்ணாடி இல்லாதது நல்லதாயிற்று. பத்து வருஷம் தட்டுகளில் பட்டாளம் வரைந்தவன் நான். பொத்தான் எத்தனை, வார் எந்தத் தோளில், எல்லாம் தெரியும். பூட்ஸுக்குள் காலில் சுற்றும் துணி காயவே காயாது என்பதுதான் தெரியாது. "ஏய் சித்திரக்காரா, தட்டுல நிக்கிறவன் மாதிரி வெறைப்பா நில்லுடா" என்கிறார் சார்ஜெண்ட். நிற்கிறேன்.

வர்ணத்தை எப்போதும் போலத்தான் கலந்தேன். மீதி என் கிண்ணத்தில் காய்ந்து கிடக்கும். எதையும் சோதித்துப் பார்க்கிறவன் நீ. பார். உஸ்தீனியாவைக் கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ஸவேலி


1839 ஜனவரி 20
ஆலை

அத்தான்,

பார்த்துவிட்டேன். உங்கள் கிண்ணத்து வர்ணத்தை உடைந்த ஓடுகளில் பூசி, சூளையின் ஒவ்வோர் அடுக்கிலும் முன்னும் பின்னுமாக வைத்துச் சுட்டேன். முன்பக்கம் வைத்தது நல்ல சிவப்பு. பின்சுவரை ஒட்டி வைத்ததெல்லாம் ஈரல் நிறம். சுவரில் விரிசல், அதன் வழியே தீ உள்ளே புகுந்திருக்கிறது. பன்னிரண்டு தட்டுகளையும் அங்கேதான் அடுக்கினேன். அந்த விரிசலை வசந்த காலத்திலேயே பார்த்தேன். அப்புறம் பூசிக்கொள்ளலாம் என்று விட்டேன். தப்பு என்னுடையது.

ஓடுகளோடு எஜமானரிடம் போனேன். "அவரைத் திருப்பிக் கூப்பிடுங்க, பதிலுக்கு என்னை அனுப்புங்க" என்றேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "சத்தியம் பண்ணிச் சேந்தவன் இனிமே மன்னரோட ஆளு, என் ஆளு இல்ல. உன்னையும் அனுப்பிட்டா சூளைய யாரு பாப்பா, என் பொண்டாட்டியா? போய்ச் சுவத்தப் பூசுடா."

பூசினேன். இப்போது சிவப்பு சரியாக வருகிறது. திட்டியாவது எழுதுங்கள்.

எர்மலாய்


1839 மார்ச் 11
தெற்கே போகும் வழியில்

எர்மலாய்க்கு,

நாளை, சண்டை நடக்கும் காகசஸ் மலைப் பக்கம் நடக்கிறோம். வருகிற கடிதங்களை எழுத்தர் பிரித்து எல்லோரும் கேட்க வாசிப்பது இங்கே வழக்கம். உன் விரிசல், ஓடு எல்லாவற்றையும் கேட்டார்கள். முடிந்ததும் பக்கத்துப் படுக்கைக்காரன், "சரிப்பா, இத எழுதுன ஆளு இப்ப எங்க இருக்கான்?" என்றான். "வீட்டுல" என்றேன். அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

உன்மேல் கோபம் வரும் என்று ஒரு வாரம் காத்துப் பார்த்தேன். அதுகூட வரவில்லை. இனி எழுதாதே.

உஸ்தீனியாவிடம் ஒன்று சொல். கோயிலில் எனக்கென்று மெழுகுவத்தி ஏற்றினால், உயிரோடிருப்பவர்களுக்கு ஏற்றும் இடத்தில் வேண்டாம். இறந்தவர்களுக்கான மேஜையில் வைக்கட்டும்.

ஸவேலி