என் வீட்டையே எனக்குச் சுற்றிக் காட்டினார்கள்

சிமி தீவு,
வெள்ளிக்கிழமை

என் கண்ணே லெஃப்தேரி,

நீயும் மருமகள் ஜோயனும் என் பேரைச் சுமக்கிற குட்டி எவ்தோகியாவும் மெல்போர்னில் சுகமாக இருக்க மாதா துணை நிற்கட்டும். எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் நலம், கோபமும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது. நீ அனுப்பிய டிக்கெட்டில் சுற்றுலாக் கப்பல் ஏறினேன். "ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்துடும்மா" என்று நீ போனில் சொன்னதும், பிள்ளைக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன், மடச்சி.

கப்பலில் குறையில்லை, காப்பி மட்டும் கழுநீர். பழங்கால ஊர் இடிந்து கிடக்கிற டெலோஸ் தீவில் இறக்கினார்கள். வீடு வீடாகச் சுவர் நிற்கிறது, கூரையும் இல்லை கதவும் இல்லை. ஒரு வீட்டுத் தரையில் சின்னச் சின்னக் கல்லால் டால்பின்கள் பதித்திருக்கிறார்கள், அவ்வளவு அழகு. எல்லாரும் படம் எடுத்தார்கள், எனக்கோ இதைத் தினமும் கூட்டித் துடைத்தவள் எங்கே போனாளோ என்றே மனசு அடித்துக்கொண்டது. காவல்காரரைக் கேட்டால், "இங்க யாரும் குடியிருக்க முடியாதும்மா, பார்த்துட்டுப் போகத்தான்" என்றார்.

இன்று காலை கப்பல் நம் சிமியிலேயே நின்றது. துளசித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வரலாம் என்று கூட்டத்தோடு படியேறினேன். வழிகாட்டிப் பெண் அரெத்தி, ஏதென்ஸ்காரி, நேரே நம் வாசலில் போய் நின்றாள். கதவில், நான் கிளம்பும்போது இல்லாத 'விற்பனைக்கு' பலகை! "பழைய கடற்பஞ்சு வியாபாரி வீடு இது, சொந்தக்காரம்மா ஆஸ்திரேலியாவுக்கே போறாங்களாம், யாராவது வாங்கிக்கிறீங்களா?" என்று சிரித்தாள். பலகையை இரண்டு தடவை படித்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஈஸ்டரன்று ஜோயன் வீடியோவில் வந்து, தன் அரைகுறை கிரேக்கத்தில், "வீட்டைக் கொடுத்துட்டு எங்ககூட வந்துடுறீங்களா?" என்று கேட்டாளே, நான் மாட்டேன் என்று நம் வழக்கப்படி புருவத்தை உயர்த்தி, தலையை மேலே தூக்கி, 'ட்ச்' என்றேன். அவள் கைதட்டி முத்தம் பறக்கவிட்டாள். மாட்டேன் என்றதற்கே இவ்வளவு சந்தோஷமா, தங்கமான பெண் என்று நினைத்தேன்! அவள் ஊரில் தலை மேலே போனால் சரி என்று அர்த்தமாம், அவள் என்ன செய்வாள் பாவம். நீ இந்த மண்ணில் பிறந்தவன்டா, உன் வாயால் ஒரு வார்த்தை என்னிடம் கேட்கக் கூடாதா? எல்லாத்தையும் பார்த்துடும்மா என்று நீ சொன்னது கடைசியாகப் பார்த்துக்கொள்ளத்தானா?

சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். "அம்மா, உள்ள போகாதீங்க, யாரோட வீடோ!" என்று அரெத்தி பதறினாள். "அந்த யாரோ நான்தான்டி" என்றேன். வெயிலில் நின்ற எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு, குளிர்ந்த தண்ணீரும் ஆளுக்கொரு கரண்டி செர்ரிப் பாகும் கொடுத்தேன். பலகையைப் பிடுங்கிவிட்டேன், அதன்மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கப்பல் ஊதியதும் அரெத்தி, "வாங்கம்மா, வர்றீங்கதானே?" என்றாள். தலையை மேலே தூக்கினேன். நம் நாட்டுப் பெண், மறுபேச்சில்லாமல் போய்விட்டாள். என் பெட்டியும் கப்பலோடு போயிற்று, போகட்டும்.

ஜோயனைத் திட்டாதே. வீடு விற்பனைக்கில்லை என்று தரகரிடம் நீயே பேசு, இன்றைக்கே பேசு. ஆகஸ்டில் மாதா திருநாளுக்குக் குட்டியைக் கூட்டிக்கொண்டு வா, உன் பழைய கட்டிலைத் தட்டிப் போட்டு வைக்கிறேன். உன் குடும்பம் நீண்டு வாழட்டும், யார் கண்ணும் படாமல் இருக்கட்டும், தூ தூ தூ. தலையசைப்பு இனி வேண்டாம், எழுத்திலேயே தருகிறேன்: மாட்டேன்.

அதே வீட்டிலிருந்து,
உன் அம்மா
எவ்தோகியா