வார்டில் இரண்டு ஏழுமலை

எங்கே லோடு இறக்கினாலும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிற என் மச்சான் ஏழுமலைக்கு,

உன் மாமன் போன மாதம் ஆஸ்பத்திரியில் மயங்கி விழுந்தான். பயப்படாதே, பெரிய நோய் ஒன்றும் இல்லை. களத்தில் கிடந்த துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டு, டிடி ஊசி போட்டுக்கொள்ளப் போனேன். நான் விழும்வரை ஊசி என் மேல் படவே இல்லை. அந்த நர்சுப் பெண் மருந்தை ஏற்றி, ஊசியை மேலே தூக்கி, நுனியில் ஒரு சொட்டு விட்டாள் பார், அந்தச் சொட்டுதான் கடைசியாக ஞாபகம். கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தேன். பஞ்சுத் தட்டு என் மார்பு மேல் கிடந்தது.

கேவலம் அதில்லை. அதற்கு முன்னால் அரை மணி நேரம், வரிசையில் பக்கத்தில் இருந்த பெரியவருக்கு நான்தான் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன், எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று. இங்கே வேலை செய்கிற பவானி என் பெண் என்றும் வரிசை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். நான் விழுந்த பிறகு அந்தப் பெரியவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய், ஊசியைப் போட்டுக்கொண்டு, திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாராம்.

ஆமாம், ஏழுமலை. உன் அக்கா பெண் நர்சு ஆகிவிட்டாள். நீ போகும்போது படித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இப்போது ஒன்பது மாதம் ஆகிறது. காஞ்சிபுரத்துப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று, அதற்குக் கிளையாகச் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து சின்ன ஆஸ்பத்திரிகள். உத்திரமேரூர் பக்கம் இருக்கிற கிளையில் இவளுக்கு வேலை. முப்பது கட்டில்தான். இங்கே புரியாதது எதுவாக இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்கலாம், கேட்டால் யாரும் எரிந்து விழுவதில்லை என்று முதல் மாதமே சொன்னாள். நான் நம்பவில்லை. நாலாம் வகுப்பில் சந்தேகம் கேட்டு முட்டி போட்டவன் நான்.

அவளை நர்சு படிக்க வைக்க மாட்டேன் என்று நான் குதித்தது நினைவிருக்கிறதா? கண்டவர் பீ மூத்திரத்தை என் பெண் அள்ள வேண்டுமா என்று கேட்டேன். நீ உன் குட்டியானை லோடு வண்டியை என் வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டாய். என் பைக் வெளியே வர முடியவில்லை. "மாமா, நீ கையெழுத்து போடு, நான் வண்டிய எடுக்கறேன். அவ்ளோதான்" என்றாய். தாய்மாமன் என்றால் சீர் தூக்கிக்கொண்டு வருவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வழி மறித்துக் கையெழுத்து வாங்கியவன் நீ ஒருவன்தான்.

சரி, விழுந்த கதைக்கு வருகிறேன். பவானி ஓடி வந்தாள். என்னைத் தூக்கி ஆண்கள் வார்டில் காலியாக இருந்த கட்டிலில் போட்டார்கள். ஊசியையும் நான் மயக்கத்தில் இருக்கும்போதே போட்டு முடித்திருந்தார்கள், அந்த மட்டும் புண்ணியம். அரை மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது என்றாள். என் காலைத் துடைத்தாள், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள், தலையணையைச் சரி செய்தாள். அப்போது மதியச் சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நோயாளிக்கு இன்சுலின் ஊசி போட வேண்டும். என்னிடம் இருந்தவள் அவசரமாக எழுந்து போய், வார்டு நடுவில் நின்று கூப்பிட்டாள்.

"ஏழுமலை."

என் நெஞ்சு ஒரு தடவை தூக்கிப் போட்டது, மச்சான். நீதான் எங்கிருந்தோ, "இன்னாடி பவானி" என்று வருவாய் போல ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர், ஜுரத்துக்குப் படுத்திருந்தவர், கையை நீட்டினார். அவர் பெயரும் ஏழுமலை. பவானி ஊசியைப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

நம் பக்கத்தில்தான் திருப்பதி மலைக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்கெல்லாம் இதே பெயரை வைத்துவிடுகிறோமே. மூலைக் கட்டிலில் இன்னொரு ஏழுமலை இருந்தார். திருமுக்கூடல்காரர், விவசாயம், சர்க்கரை வியாதி, காலில் புண். சாப்பாட்டுத் தட்டு வந்ததும் அவர் கேட்டார்: "இன்னாம்மா, சோறு வந்துட்சி, எனக்கு ஊசி இல்லியா இன்னிக்கி?"

பவானியின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். சர்க்கரை இல்லாதவனுக்குச் சர்க்கரை ஊசி போட்டால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். அவள் என் கட்டில் பக்கம்தான் வந்தாள். குனிந்து, சத்தமே வராமல் சொன்னாள்:

"நைனா, ஆள் மாத்தி ஊசி போட்டுட்டேன்."

இப்போது நான் சொன்னதைக் கேள். பெற்ற தகப்பன், அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் வரிசையில் எல்லோரிடமும் இவளைப் பற்றிப் பெருமை அடித்தவன், சொன்னேன்: "யாரும் பார்க்கல இல்ல? வாயத் தொறக்காத. அந்தாளுக்கு ரெண்டு கரண்டி சோறு சேத்துப் போடச் சொல்லிட்டு கம்முனு இரு. வேல பூடும்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அதிர்ச்சி கூட இல்லை. ஊசியைக் கண்டு விழுந்து நான் கண்ணைத் திறந்தபோது அவள் பார்த்த அதே பார்வை. பிறகு நிமிர்ந்து, நேராக வார்டுப் பொறுப்பில் இருக்கிற சகுந்தலா சிஸ்டரிடம் நடந்தாள். பத்துப் பன்னிரண்டு அடி தூரம் இருக்கும். அந்தத் தூரத்தை அவள் கடப்பதற்குள் அவள் வேலை போய், நம் வீட்டில் அவள் உட்கார்ந்திருப்பது வரை நான் பார்த்து முடித்துவிட்டேன்.

சகுந்தலா சிஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும், கட்டைக் குரல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வசவு வரும் என்று காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன். வந்தது ஒரே கேள்விதான்.

"எத்தினி மணிக்குப் போட்ட?"

"பன்னெண்டு இருவதுக்கு, சிஸ்டர்."

"நேரத்தக் கரெக்டா சொல்ட்ட. அதுலதான் பாதி வைத்தியம். வா, மொதல்ல அவரப் பாக்கலாம்."

பிறகு நடந்தது எல்லாம் மளமளவென்று நடந்தது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள், சாப்பிட வைத்தார்கள். டாக்டர் வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசினார். கால் மணிக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பார்க்க ஒரு நர்சை மில்லுக்காரர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மூலைக் கட்டில்காரரின் ஊசியையும் பவானியின் மற்ற கட்டில்களையும் இன்னொருத்தி எடுத்துக்கொண்டாள். யாரும் யாரையும் திட்டவில்லை.

நடந்ததை மில்லுக்காரரிடம் பவானியே போய்ச் சொன்னாள், சகுந்தலா சிஸ்டர் தோளை ஒட்டி நின்றார். மனுஷன் சிரித்தார். "எம் பேரத்தான கூப்ட்ட, நான் கைய நீட்டிக்கினேன்" என்றார். அவர் பெஞ்சாதி சிரிக்கவில்லை. "எமனே வந்து பேரச் சொன்னாலும் கைய நீட்டுவியா நீ" என்று புருஷனை ஒரு பிடி பிடித்துவிட்டு, பவானி பக்கம் திரும்பினாள். அந்த அம்மா கேட்டதெல்லாம் நியாயம்தான். பவானி ஒன்றுக்கும் எதிர்வாதம் செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். சாயங்காலம் வரை மில்லுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஜுரம் இறங்கி வீட்டுக்கே போய்விட்டார்.

அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் வந்து கூட்டம் போட்டார்கள். வேலைக்கு உலை வைக்கத்தான் வருகிறார்கள் என்று நான் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. சரி, கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டேன். ஆனால் அவர்கள் யார் செய்தது என்பதில் நிற்கவில்லையாம், எப்படி நடந்தது என்றுதான் தோண்டிக்கொண்டே போனார்களாம். முடிவில் இரண்டு விஷயம் மாறியது. இனிமேல் பெயரைக் கூப்பிட்டு ஊசி போடக் கூடாது. பக்கத்தில் போய், உங்க பேர் என்ன, அப்பா பேர் என்ன என்று நோயாளியையே சொல்லச் சொல்லி, கையில் கட்டியிருக்கிற பட்டையோடு சரி பார்க்க வேண்டும். இரண்டாவது, நர்சின் சொந்தக்காரர் யாராவது வார்டில் படுத்தால், அந்த நேரத்துக்கு அவள் வேலையை இன்னொருத்தி பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஏன் வந்தது தெரிகிறதா? "நர்சின் தகப்பனார் ஊசிக்குப் பயந்து மயங்கி விழுந்ததால் கவனம் சிதறியது" என்று ரெக்கார்டில் எழுதியிருக்கிறார்களாம். எல்லாக் கிளை ஆஸ்பத்திரிக்கும் அந்தக் கடுதாசி போயிருக்கிறது. என் பெயர் போடவில்லை, என் வீரத்தை மட்டும் போட்டிருக்கிறார்கள். உன் அக்கா அம்சா இதை மூன்று தெருவுக்குச் சொல்லி முடித்துவிட்டாள்.

நான் சொல்ல வந்தது இதையெல்லாம் இல்லை, மச்சான். அன்று கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேனே, சகுந்தலா சிஸ்டர் நேரத்தைக் கேட்டபோது, எனக்கு வேறு ஒரு ஆஸ்பத்திரியின் வாசல்தான் தெரிந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு போன வாசல்.

அன்று காலையில் களத்தில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். நீ ஒரு மூட்டையைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டு, "மாமா, நெஞ்சுல கல்ல வச்சா மாரி கீது" என்றாய். ராத்திரி தின்ற போண்டாவாகத்தான் இருக்கும், வாயு என்றேன். சோடா வாங்கிக் கொடுத்தேன். நீ குடித்து, ஏப்பம் விட்டாய். ஏப்பம் வந்ததைப் பார்த்து நான் டாக்டர் மாதிரி தலையாட்டினேன். மறுபடியும் மூட்டை ஏற்றினோம். லோடு அன்றைக்கே வாலாஜாபாத் மில்லுக்குப் போக வேண்டும் என்று அவசரப்பட்டவன் நான். பத்து மணிக்கு நீ வண்டியின் பக்கக் கதவைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாய்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்சு, பவானி வயதுதான் இருக்கும், என்னைக் கேட்டாள், வலி எப்போதிலிருந்து என்று. உன் அக்கா பின்னாலேயே அழுதுகொண்டு வந்துகொண்டிருந்தாள். அவள் காதில் விழுமே என்று நினைத்தேன். "இப்பத்தாம்மா, ஒரு அரை மணி நேரமா" என்றேன்.

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். திருத்தவில்லை. ஏன் திருத்தவில்லை, ஏழுமலை? பேச முடியவில்லையா? இல்லை, அக்கா முன்னால் மாமனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றா? சரியான நேரத்தைச் சொல்லியிருந்தால் அவர்கள் வேறு எதையாவது செய்திருப்பார்களா? எனக்குத் தெரியாது. பவானியைக் கேட்டால் தெரியும். அதனாலேயே இத்தனை நாளாக அவளைக் கேட்கவில்லை. எல்லாம் திடீரென்று ஆகிவிட்டது என்று துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

நான் மயங்கி விழுந்த அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து பவானி என்னைப் பின்னால் உட்கார வைத்து வண்டி ஓட்டி வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் மெதுவாகச் சொன்னாள்: "நைனா, நீ கம்முனு இருன்னு சொன்னத நான் அங்க யார்கிட்டயும் சொல்லல. அம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன்."

நீ காப்பாற்றின மாதிரியே அவளும் என்னைக் காப்பாற்றுகிறாள். உன் விஷயத்தைச் சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. உள்ளேயிருந்து அம்சா, மயங்கின மகராசன் வந்தாச்சா என்று குரல் கொடுத்தாள். நான் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பவானிக்கு லீவு. அன்றைக்கு இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லப் போகிறேன். சாப்பாடு முடிந்த பிறகுதான். முன்னாலேயே சொன்னால் உன் அக்கா எனக்குச் சோறு போட மாட்டாள். அழுவாள், திட்டுவாள், மில்லுக்காரர் பெஞ்சாதி மாதிரி நியாயமாகத்தான் திட்டுவாள். நான் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்பேன். இது உன் மேல் சத்தியம். நடுவில் மயங்கி விழ மாட்டேன் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த நர்சுப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: காலையில் ஏழு மணியிலிருந்து வலி. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

உன் அக்கா புருஷன், நீ வாய் நிறைய மாமா என்று கூப்பிட்ட
கோதண்டம்