மட்டக்குழாயில் ஒரு குமிழி

மச்சான்,

நேற்றுக் காலை புன்செய்க் கொல்லைக்குப் போனபோது வெட்டிவேர் மணம் தூக்கியது. கடையில் வாங்கும் காய்ந்த வேரின் மணம் இல்லை. ஈரமண்ணோடு பிடுங்கிப் போட்ட மணம். நீ போய்ச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை, உன் மகன் உன் கொல்லையை விற்றுவிட்டான். வாங்கியவர் பொக்லைன் விட்டு, நாம் வைத்த வெட்டிவேர் வரிசையில் உன் பக்கத்தை அப்படியே வழித்துவிட்டார்.

ஸ்ரீமுஷ்ணத்துச் செம்மண் மேடு. ஒரு நல்ல மழைக்கே மேல்மண் ஓடைக்குப் போய்விடும். வேளாண்மை படித்த நீ கடலூரிலிருந்து வந்து, "சரிவுக்குக் குறுக்க, மட்டம் பாத்து வெட்டிவேர் வரப்பு போடணும் மாமா" என்றாய். வரப்பு என்றால் எனக்கு எல்லை. அது நான் உழும் உன் அக்கா பாகத்துக்குள் வளைந்து நுழைந்தால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

"எல்லைக்குத்தான் கல்லு இருக்கே. இது தண்ணிக்கு" என்றாய். நான் நம்பவில்லை.

மழையிலேயே நடந்து, தண்ணீர் தயங்கி வண்டல் விடும் இடங்களில் குச்சி நடுவது எங்கள் வீட்டு வழக்கம். அப்படி நட்டேன். தண்ணீர் நிரப்பிய உன் மட்டக்குழாய் காட்டிய கோடும் என் குச்சிகளும் ஓரிடத்தில் ஒத்துப்போகவில்லை. குழாயை வாங்கிப் பார்த்தேன். உள்ளே காற்றுக் குமிழி!

"புடிச்சிட்டேன் பாத்தியா! வேணும்னுதான வுட்ட?"

நீ குமிழியைத் தட்டி வெளியேற்றி மறுபடி அளந்தாய். கோடு என் குச்சிகள் மேலேயே வந்தது. ஆனால் முன்னைவிட இன்னும் உள்ளே, என் கொல்லைக்குள். என் குச்சியே என்னைக் காட்டிக்கொடுத்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வெட்டிவேர் வைக்கச் சம்மதித்தேனே தவிர, போகும்போதெல்லாம் எல்லைக்கல் நகர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மண் நின்றது. மழை தப்பிய வருஷத்திலும் நீ நிலக்கடலை என்று சொல்லும் மல்லாட்டைச் செடி வாடாமல் தாக்குப்பிடித்தது. அதை உன்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வாங்கியவரிடம் நேற்று விளக்கிப் பார்த்தேன். "புல்ல வச்சி எங்க எடத்த வளைக்கப் பாக்குறீங்களா?" என்று என்னையே கேட்டார்.

பிடுங்கிப்போட்ட தூர்களைப் பொறுக்கி வந்து, உன் பக்கமிருந்து இறங்கும் தண்ணீரை மறிக்க, முழுக்க என் கொல்லைக்குள்ளேயே ஒரு வரிசை நட்டிருக்கிறேன். நீ அன்று கேட்டதைவிட இடம் ஜாஸ்தி போயிற்று. இதையும் நீ முன்பே மட்டம் பார்த்து வைத்திருப்பாயோ என்று சந்தேகமாக இருக்கிறது. கேட்டுச் சண்டை போடத்தான் நீ இல்லை, மச்சான்.