கைக்கு வந்த பிறகு சொல்லலாம் என்றவளுக்கு

இன்று காலை அபிராவின் பென்சில் பையை மேசையிலிருந்து நகர்த்தியபோது உன் வாசம் வந்தது. கற்பூரமும் புதினாவும் கலந்த அந்த வாசம். திறந்து பார்த்தேன். கவராயத்துக்குப் பக்கத்தில், நீ பாங்கொக்கிலிருந்து கொண்டுவந்த, மூக்கில் வைத்து உறிஞ்சும் மருந்துக் குழல் கிடந்தது. "அது அன்ரி எனக்குத் தந்தது" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு என் மகள் பிடுங்கிக்கொண்டாள். எனக்குத் தரவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. நீ போய் ஏழு மாதம். என் புத்தி இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிறது.

ஓம், எனக்கு உன்மேல் பொறாமை. இருந்தபோது வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் உனக்குத் தெரிந்திருக்கும்.

பாரிஸ் லா சப்பலில் நான் சேலைக்கடையில், நீ பக்கத்துப் பலசரக்குக் கடையில். நீ வந்த புதிதில் "பொன்ஜூர்" என்ற ஒரு சொல்லோடு வந்தாய். விசா அலுவலகத்தில் எந்த வரிசையில் நிற்பது, எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து வைப்பது, எல்லாம் நான்தான் காட்டித் தந்தேன். அந்தப் பெருமையை உன் மகள் தர்சிகா ஒரே தவணையில் பறித்துவிட்டாள். ஏழு வருஷம் தாய்லாந்துப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவள், பிரெஞ்சில் ஒரு வசனம் ஒழுங்காக முடிக்கத் தெரியாதவள், கணக்கில் இருபதுக்குப் பதினெட்டு. இங்கேயே பிறந்த என் அபிரா இருபதுக்கு ஆறு.

எங்கள் கடையின் பின்னறையில் மத்தியானச் சாப்பாட்டின்போது பாங்கொக் கதை சொல்லுவாய். விசா முடிந்து, பொலிஸுக்குப் பயந்து அறைக்குள் கிடந்த காலத்திலும் நீ மகளுக்கு ரியூசன் தேடி அலைந்தாய். பள்ளிக்கூட வாசலில் மற்றத் தாய்மாரிடம் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்களாம். "கெட்டிக்காரப் பிள்ளையின்ர தாய் எந்த ஊரிலயும் வாய் திறக்கமாட்டா அக்கா. நான் அவவுக்குப் பின்னாலயே பஸ் ஏறிப் போனன்" என்றாய். பெரிய கடைத் தொகுதி ஒன்றின் நாலாம் மாடியில் இருந்ததாம் அந்த ரியூசன். வாத்தியார் திரையில் பேச, பிள்ளைகள் வரிசையாக இருந்து எழுதினார்களாம். அது உனக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆனால் விடவில்லை. உங்கள் மாடியிலேயே குடியிருந்த பல்கலைக்கழகப் பெட்டையைப் பிடித்தாய். கணக்குக்குக் கோழிக்கறி, விஞ்ஞானத்துக்குப் புட்டு என்று பேச்சு. தர்சிகா இன்றைக்கும் பெருக்கல் வாய்ப்பாட்டைத் தாய்லாந்துப் பாஷையில்தான் முணுமுணுக்கிறாள்.

அப்படிப்பட்ட நீ இங்கே சும்மா இருப்பாயா என்று என் மனம் கணக்குப் போட்டது. புதன் பின்னேரங்களில் நீ வேலையில் நிற்பதில்லை. ஏன் என்று கேட்டால், "சும்மா, வீட்டு வேலை அக்கா." எனக்குத் தலைக்குள் இடித்தது. ஒரு புதன்கிழமை நானும் கடையில் தலையிடி என்று சொல்லிவிட்டு, உனக்குப் பின்னால் அடுத்த பெட்டியில் ரயில் ஏறினேன். நாற்பத்தாறு வயதில், நீ குடியிருந்த கார்ஜ் வரைக்கும், கம்பிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

உங்கள் தொடர்மாடியின் கீழ் மண்டபத்தில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ரீச்சர் ஒருவர் பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நீ வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தாய். என்னைக் கண்டு திடுக்கிடவுமில்லை.

"வாங்கோ அக்கா, இருங்கோ. அபிராவின்ர பேரும் குடுத்திருக்கிறன். ஒரு பிள்ளை விலகினால்தான் இடம். கைக்கு வந்தாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன்."

அப்போதுதான் காரணம் சொன்னாய். பாங்கொக்கில் உன் அகதி நேர்முகத்துக்குத் திகதி வந்ததும் மாடி முழுக்கச் சொல்லித் திரிந்தாயாம். அது இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அன்றிலிருந்து கைக்கு வராத எதையும் நீ யாருக்கும் சொல்வதில்லை. எங்கள் சனத்தில் பாதிப்பேர் அப்படித்தான், விசா குத்தும்வரை சூட்கேஸை மறைத்துத்தான் வைப்பார்கள்.

நான் உன்னைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். நன்றி வர வேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமைதான் இன்னும் கூடியது. மகளும் கெட்டிக்காரி, தாயும் நல்லவள், பிறகு எனக்கு என்ன மிச்சம்? அபிராவுக்கு இடம் கிடைத்தது. ஆறு பதின்மூன்றானது. அந்த ஏழு புள்ளியும் உன்னுடையது என்று நினைக்க எனக்கு எரிந்தது.

அடுத்த வருஷம் நீ திங்கட்கிழமைகளில் வேலைக்குப் பிந்தி வரத் தொடங்கினாய். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பௌதிகத்துக்கு வாத்தியார் பிடித்துவிட்டாய். "திங்களில என்னடி?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை அக்கா, பிறகு சொல்லுறன்." இந்தமுறை பின்னால் வர என் ரோஷம் விடவில்லை. பின்னறையில் உன்னோடு சாப்பிடுவதை நிறுத்தினேன். நீ கதவில் தட்டினாய். நான் சேலை மடிப்பதுபோல நின்றேன். அப்படி எட்டுத் திங்கட்கிழமைகள் போயின.

ஒன்பதாவது கிழமை உன் முதலாளி வந்து, நீ ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்றார். மாதக்கணக்காகத் திங்கள்தோறும் மருந்து ஏற்றினார்களாம்.

நீ தலையில் துணி கட்டியிருந்தாய். கையில் அந்தக் குழல். "சுகமானாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன் அக்கா."

நான் அழுதுகொண்டு உண்மையைச் சொன்னேன். "நான் பௌதிக வாத்தியார் எண்டு நினைச்சனடி."

இருமல் வரும்வரை சிரித்தாய். "அப்பிடி ஒராள் கிடைச்சிருந்தால், ரெண்டு பிள்ளையளுக்கும் இடம் எடுக்கும்வரை முதல் உங்களிட்டத்தான் ஒளிச்சிருப்பன்."

அதற்குப் பிறகு உனக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

இப்போது கடைக்கு வரும் எந்தத் தாய் பிள்ளையின் புள்ளி பற்றி மூச்சுவிட்டாலும், சேலையை விரிக்கும் முன்பே கார்ஜ் மண்டபத்தின் விலாசத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்தேன், லெ பிளாங்-மெனில் புறநகர்களிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்களாம். இதனால் நான் நல்லவளாகிவிட்டேன் என்று நினையாதே. போன கிழமை தர்சிகாவுக்குப் பொறியியல் ஆயத்த வகுப்பில் இடம் கிடைத்தது. முதல் அழைப்பு எனக்குத்தான் எடுத்தாள். "அம்மா எண்டால் கடிதம் கையில வரும்வரை சொல்ல விட்டிருக்கமாட்டா அன்ரி" என்றாள். சந்தோஷத்தில் அழுதேன். போனை வைத்த பிறகு வயிறு எரிந்தது. இரண்டும் உண்மை.

நான் இன்னும் சுமப்பது அந்த எட்டுத் திங்கட்கிழமைகளை. நீ தட்டிய கதவுக்கு உள்ளே, ஏற்கனவே மடித்திருந்த சேலையை நான் திரும்பத் திரும்ப மடித்ததை.

அபிராவும் அதே வகுப்புக்குத்தான் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். காத்திருப்போர் பட்டியலில் நிற்கிறாள். நாளை காலை முடிவு. உன்னிடம் அவள் பழகிய பழக்கம், ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது என்று எனக்கும் கட்டளை போட்டிருக்கிறாள். கிடைக்குமோ தெரியாது. இன்னும் கைக்கு வரவில்லை. உனக்கு மட்டும் இப்போதே சொல்கிறேன்.