உனக்குக் கொடுக்காத கப்பல்

நேற்றைய மழையில் மகன் வீட்டு வாசலில் கிடந்த அட்டைப்பெட்டிகள் ஊறிவிட்டன. காலையில் கதவைத் திறந்ததும் அந்தப் பசை வாசம். கூடவே உன் முகமும் வந்தது, வராமலிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எனக்கு எழுத்து தெரியாதென்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

எண்பதுகளில் மூக்கண்டப்பள்ளியில் என் பழைய பேப்பர் கடை. பெங்களூர் கண்டோன்மெண்டில் பெரிய வீடுகளைக் காலி செய்கிறவர்கள் போடும் புத்தகங்கள் லாரியில் எனக்கு வரும். கெட்டி அட்டைப் புத்தகமென்றால் முதலில் அட்டையைப் பிய்த்துவிட வேண்டும். துணியும் பசையும் பேப்பர் மில்லில் கூழாகாது. உள்தாளை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒருநாள் அப்படிப் பிய்க்கப் போனபோது, ஆலையில் ஷிப்டு முடிந்து வந்த நீ சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாய்.

"மச்சான், கைய எடு! அது கப்பல் கட்டற புக்கு!"

"யாருய்யா உனக்கு மச்சான்?"

"அந்த அட்டைய உட்டீன்னா, நீதான்."

அன்றிலிருந்து நீ தேடிய கப்பல் புத்தகங்களை நானும் தேடினேன். எல்லாம் சின்னப்பிள்ளைகளுக்கென்று எந்தக் காலத்திலோ அச்சடித்தவை. இங்கிலீசோ கன்னடமோ, எனக்கு எல்லாம் ஒன்றுதான். படத்தைப் பார்த்து எடுத்து, அட்டை கசங்காமல் சாக்கில் சுற்றி வைப்பேன். முப்பத்தேழு புத்தகம். ஒவ்வொன்றும் எந்த மூட்டையில் வந்ததென்று இன்றைக்கும் சொல்வேன்.

கடலையே பார்க்காதவனுக்கு எதற்குக் கப்பல் என்று கேட்டேன்.

"நான் செய்யற சாமான் லாரி ஏறிப் போயிடுது மச்சான். அப்புறம் என்னா ஆச்சுன்னே தெரியாது. கப்பல் அப்படியில்ல. செஞ்சவன் கண்ணு முன்னாடியே தண்ணில எறங்கும்."

அப்படி இறங்குவதை நீ எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. உனக்கு உயிரான புத்தகம் இரண்டு பாகம். முதல் பாகத்தில் சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் அடிக்கட்டை வைப்பதில் தொடங்கி, கப்பல் முழுசாகித் தரையில் நிற்பதோடு முடிந்துவிடும். தண்ணீரில் விடுவது இரண்டாம் பாகத்தில். சாக்கை அவிழ்க்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்பாய்.

பிறகு அந்த ஆயுத பூஜை வந்தது. ஆலையைக் குடும்பங்களுக்குத் திறந்துவிட்ட அன்று, கேன்டீனில் உன் புத்தகங்களை அடுக்கி வைக்கச் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நானும் வந்து அடுக்கினேன். மேனேஜர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"இத்தனையும் எங்கய்யா புடிச்சே?"

"பெங்களூரு பிளாட்பாரத்துல சார். ஞாயித்துக்கெழம தவறாம நானே அலைஞ்சி பொறுக்குனது."

"இவரு?"

நீ என்னைப் பார்க்கவில்லை. "பழைய பேப்பர்காரரு சார். மூட்ட தூக்க வந்தாரு."

அவர் உன் தோளில் தட்டினார். நான் டீ கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். மறுநாளே கடைக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல, "என்னா மச்சான், கப்பல் வந்துச்சா?" என்றாய். அந்த மச்சானைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த தை மாதம் வந்த மூட்டையில் அது இருந்தது. அதே தொப்பிக்காரன், அதே கப்பல், ஆனால் அடியில் தண்ணீர். எழுத்து தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூட்டை மேல் உட்கார்ந்து கடைசித் தாள் வரை பார்த்தேன். பிறகு அட்டையைப் பிய்த்து ஒருபக்கம் எறிந்தேன். தாளை மில் லாரியில் ஏற்றினேன். தெரியாமல் செய்யவில்லை.

மருமகள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா என்கிறேன்.

அதற்கப்புறம் இருபது வருடம் கேட்டாய். ரிட்டயரான பிறகு, பல்லெல்லாம் போய், பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாகக் கேட்டாய்.

"அந்த ரெண்டாவது பாகம் உன் கண்ணுலயே படலையா மச்சான்?"

"பேப்பர்காரனுக்கு என்னா தெரியும்? மூட்ட தூக்கறவன்தான நான்."

உனக்குப் புரிந்ததா தெரியவில்லை. சிரித்துவிட்டுப் பஸ் ஏறினாய். மூன்றாம் நாள் துக்கம் சொல்லி ஆள் வந்தது.

அந்தத் தாள்கள் கூழாகி எத்தனையோ வருடமாகிவிட்டது. படங்கள் என் கண்ணுக்குள் இருக்கின்றன, ஒன்றும் அழியவில்லை. அடியில் முட்டுக்கொடுத்த கட்டைகளைச் சம்மட்டியால் தட்டி எடுக்கிறார்கள். கப்பல் வழுக்கி இறங்கச் சரிவில் கொழுப்பு பூசியிருக்கிறது. கப்பல் முன்பக்கமாக இறங்கவில்லை. பின்பக்கம்தான் முதலில் தண்ணீரைத் தொடுகிறது. முகம் கடைசி வரை செய்தவர்களைப் பார்த்தபடியே போகிறது.

இதை உனக்குச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. கேன்டீனில் என் பேரைச் சொல்ல உனக்கு அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது.