சேஷுவின் கடைசி வசனம்

என் அருமை மச்சினா மணி,

பழி வாங்கிவிட்டேன். ரொம்ப எதிர்பார்க்காதே. ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவன் நான். கத்தி, கபடா எதுவும் இல்லை. நாடகம்தான்.

பழைய காமாலையில் உன் கல்லீரல் சுருங்கிப்போனதும் டாக்டர் நமக்குப் பாடம் எடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? குடலில் இருக்கிற கெட்ட கிருமிகள் சாப்பாட்டை விஷமாக்கும், உன் கல்லீரலால் அதை வடிகட்ட முடியாது, விஷம் மூளைக்கு ஏறும் என்றார். அவர் எழுதிக் கொடுத்த தித்திப்பு சிரப் நல்ல கிருமிகளுக்குத் தீனி, கெட்டதுகளை அடக்கி விஷத்தை வெளியே தள்ளும். தினம் இரண்டு மூன்று தரம் வயிறு போகத்தான் வேண்டும், வைத்தியமே அதுதான் என்றார். “நம்ம தமிழ்ச் சங்கத்துக் கமிட்டி மாதிரி, நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில்” என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அந்தக் கமிட்டியின் செயலாளர், உன் மாடி வீட்டு சேஷு. நானும் உன் அக்காவும் தில்லியை விட்டு மதராஸ் போயிருந்த வாரம் பார்த்து, மாதுளை ஓட்டுக் கஷாயத்தோடு படியிறங்கி வந்தாராம். “ஏம்மா ஜெயா, வயத்தாலே போக வைக்கறதுக்கு ஒரு மருந்தா? இருக்கற தெம்பும் போயிடும். நிறுத்து முதல்லே.” பெரிய மனுஷர் சொல்கிறார், உன் மனைவி என்ன செய்வாள்? சிரப் அலமாரிக்குள் போயிற்று. உன் வயிறு போவது நின்றது. கூடவே புத்தியும் தடுமாறிற்று.

பால் பூத்தில் டோக்கன் போடுகிற ஓட்டையில் வீட்டுச் சாவியைத் திணித்துக்கொண்டிருந்தாயாமே? ஒரு சர்தார்ஜி உன் கையைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தாராம். பின்னால் பால் தூக்கோடு நின்ற சேஷு, நீ காலையிலேயே குடித்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார். அதையும் ஹிந்தியில் சொன்னார், க்யூ முழுக்கப் புரியவேண்டுமே! ரசத்தை விடக் காரமாக எதையும் குடித்தறியாதவனை!

நாங்கள் ரயிலில் வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய். குடிகாரன் பட்டம் மட்டும் ஜனக்புரியிலேயே தங்கிவிட்டது. ஜெயா வந்தால் காய்கறி வண்டியண்டை பேச்சு நிற்கும். சேஷுவோ துக்கம் கேட்க வந்த இடத்திலும் “பழக்கம் அப்படி” என்று உச்சுக்கொட்டினார். நான் பல்லைக் கடித்தேன். இரண்டு பல் ஏற்கெனவே ஆட்டம், தெரியுமோல்லியோ?

சங்க ஆண்டு விழா நாடகம் வழக்கம்போல என் தலையில் விழுந்தது. சேஷுவுக்கென்றே ஒரு வேஷம் எழுதினேன், கேட்காமலே வைத்தியம் சொல்லும் மாடி வீட்டுக்காரர். தன்னைத்தான் எழுதியிருக்கிறேன் என்று மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. “பாத்திரம் வெயிட்டா இருக்கு, ஓய்” என்றார். ஒத்திகைக்கு அவர் என்றைக்கு வந்தார்? மேடையேறி, திரைக்குப் பின்னாலிருந்து ப்ராம்ப்டர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே ஒப்பிப்பதுதான் அவர் நடிப்பு. ப்ராம்ப்டர் யார்? அடியேன்தான்.

கஷாயக் காட்சிக்கு ஹால் குலுங்கிற்று. கடைசியில், எழுத்தில் இல்லாத ஒரு வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். சேஷு கையை உயர்த்தி, அடித்தொண்டையில் முழங்கினார்: “மணி குடிக்கலை. அவன் மருந்தை நிறுத்தச் சொன்னது நான்தான்.”

வாய் முந்திக்கொண்டது, புத்தி பின்னால் வந்தது. உயர்த்திய கை அப்படியே நின்றது. நாடகத்தில் மணி என்று யாருமே கிடையாது. முன்வரிசையில் ஜெயா நிமிர்ந்து அவரையே பார்த்தாள். பிறகு யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். நடிப்புக்கா, நிஜத்துக்கா? தெரியவில்லை. சிறந்த நடிகர் கோப்பையை அவருக்கே கொடுத்துத் தொலைத்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது, மறுநாள் வரை. மறுநாள் காய்கறி வண்டியண்டை பேச்சு நிற்கவில்லையாம். “பாவம், அந்த மனுஷன் மருந்தை நிறுத்தச் சொல்லிட்டாராமே” என்று ஒரு மாமி ஜெயாவுக்குக் கத்தரிக்காய் பொறுக்கிக் கொடுத்தாளாம்.

இன்னொன்று கேள். நாடகத்தைக் கரோல் பாக்கிலும் ஆர்.கே.புரத்திலும் போடச் சொல்கிறார்கள். கடைசி வசனம் கட்டாயம் வேண்டுமாம். சேஷு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். கோப்பை வாங்கினவரை யார் விடுவார்கள்? தில்லியில் தமிழன் இருக்கிற காலனி ஒன்று விடாமல் அவரை ஏற்றி அதைச் சொல்லவைப்பேன், மணி. மறந்தால் எடுத்துக் கொடுக்க நான் இருக்கிறேன்.

திரைக்குப் பின்னாலிருந்து,
உன் அக்காவைக் கட்டிக்கொண்டு உன்னையும் சேர்த்துச் சம்பாதித்த
அத்திம்பேர்