கொடுக்காத அமோனியா

மார்ச் 3, செவ்வாய்

நான்காம் அத்தியாயத்தின் குறுக்கே என் கைடு மேடம் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டார், மூலையிலிருந்து மூலைக்கு. "இருபதாம் தேதிக்குள்ள ஆதாரம் காட்டு. இல்லைன்னா இதை எடுத்துட்டு மத்த மூணையும் வச்சு தீசிஸை முடி."

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வினையூக்கியான ஜியோலைட் தூளை நீராவியில் வாட்டினால் அதன் வேலைத்திறன் நூற்றுக்கு நாற்பதாக விழுகிறது. அமிலத்தை அளந்தாலோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. இந்த அமிலத்தில் இரண்டு ரகம்: புரோட்டானைக் கொடுப்பது ஒன்று, எலக்ட்ரானை வாங்குவது ஒன்று. வேலை செய்கிற கொடுக்கும் ரகம் அழிந்து, அந்த இடத்தில் வாங்கும் ரகம் வந்துவிட்டது என்பது என் கட்சி. அமிலம் அளக்கிற கருவி என்ன செய்யும்? அமோனியாவை ஊட்டும், சூடாக்கும், எவ்வளவு திரும்பி வருகிறது என்று எண்ணும். எந்த ரகத்திலிருந்து வந்தது என்பது பற்றி அதற்கு என்ன கவலை!

இரண்டு ரகத்தையும் பிரித்துக் காட்டக்கூடிய அகச்சிவப்புக் கருவி ஆறு மாதமாகப் போர்வை போர்த்திப் படுத்திருக்கிறது. உதிரி பாகம் வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 5

மாமியார் சாப்பாட்டு மேசையில் கேட்டார்: "ஒரு தூள்ல புளிப்பு இருக்கான்னு பார்க்க மூணு வருஷமா? நாக்குல வச்சுப் பார்த்தா போதாதா?" என் வீட்டுக்காரருக்குச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறையில் கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 9

கருவியை ஓட்டுகிற அண்ணா புதுக் குழாய் மாட்டியிருந்தார். "முதல்ல அமோனியா கொடுக்காம ஒரு பிளாங்க் ஓட்டிடுவோம்மா. திரையில கோடு நேராப் போனா மனசுக்கு நிம்மதி." வாட்டாத தூளைப் போட்டோம்.

நேராகப் போகவில்லை. முந்நூறு டிகிரியைத் தாண்டியதும் கோடு மேலே எழுந்தது, எழுந்துகொண்டே போனது. வெளிக்குழாயில் ஈரச் சிவப்பு லிட்மஸைக் காட்டினோம். நீலம்! கொடுக்காத அமோனியா எங்கிருந்து வந்தது?

கசிவா? அப்படின்னா மூணு வருஷமா எடுத்த ரீடிங் எல்லாம்? ஐயோ, வேணாம். மேடம்கிட்ட எப்படிச் சொல்றது? சொல்லாம எப்படி இருக்கிறது?

மார்ச் 10

தூள் போடாமல் வெறும் குழாயை ஓட்டினோம். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. கசிவு இல்லை. அமோனியா என் தூளிலிருந்துதான் வருகிறது. ஆனால் எப்படி?

மார்ச் 11

பிடித்துவிட்டேன்!

போன வாரம் கருவியை எடுத்தது பக்கத்து மேசை ரெசின்காரர். அவருடைய ரெசின் நூற்றிருபதுக்கு மேல் தாங்காது, அதனால் முதலில் உலர்த்தும் சூட்டை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார். அண்ணா மற்றதையெல்லாம் மாற்றியவர் அதை மட்டும் மறந்துவிட்டார். என் தூள் வாங்கும்போதே அமோனியத்தோடுதான் வரும். வழக்கமாக ஐந்நூற்றைம்பது வரை சுட்டு அதை அமோனியாவாகத் துரத்திவிட்டுத்தான் அளவு தொடங்கும். நூற்றிருபதில் அது அசையவே இல்லை.

அண்ணா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "தப்பு என்மேலதாம்மா. மேடம்கிட்ட நானே சொல்லிடுறேன்."

"விடுங்கண்ணா, பழைய ரீடிங் எல்லாம் சரியா இருக்கே, அதுவே..."

பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த அமோனியம் எங்கே உட்கார்ந்திருக்கும்? கொடுக்கும் ரகத்தில் மட்டும்தானே! வாங்கும் ரகத்தின் பக்கம்கூடப் போகாதே! அப்படியானால் அந்தக் கோடு எண்ணியது கொடுக்கும் ரகத்தை மட்டும். வாட்டிய தூளில் அமோனியம் மிஞ்சாது; அதை அமோனியம் உப்புக் கரைசலில் ஊறவைத்துக் கழுவி, இதே மாதிரி ஓட்டினால்?

"அண்ணா, இதே தப்பை இன்னொரு தடவை பண்ணுங்க."

"என்னம்மா, கிண்டலா?"

மார்ச் 13

மூன்று முறை ஊறவைத்தாயிற்று. கழுவிக்கொண்டே இருக்கிறேன். சோறு இறங்கவில்லை.

மார்ச் 16

வாட்டாத தூள்: மொத்தம் நூறு என்று வைத்தால் கொடுக்கும் ரகம் தொண்ணூற்றொன்று.
வாட்டிய தூள்: மொத்தம் தொண்ணூற்று நான்கு. கொடுக்கும் ரகம் முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டு!! வேலைத்திறன் நாற்பது! அண்ணாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினேன். "விடும்மா, தோள்பட்டை கழண்டுடும்" என்றார்.

மார்ச் 17

நூலகத்தில் தேடினேன். நான் பிறப்பதற்கு முன்பே யாரோ இந்த வழியில் அளந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் சப்பென்று ஆகிவிட்டது. பிறகு தோன்றியது: நல்லதாகப் போயிற்று, நான் தனியாக உளறவில்லை.

மார்ச் 19

மேடம் மூன்று முறை ஓட்டிய தாள்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். "வர்றது அமோனியாதான், தண்ணி ஆவி இல்லைன்னு எப்படிச் சொல்றே?" வந்த வாயுவை அமிலத்தில் பிடித்துத் தனியாக அளந்ததைக் காட்டினேன். "இது எப்படித் தோணிச்சு?"

"ஒரு தப்பு நடந்துச்சு மேடம்."

"யாரோட தப்பு?"

நானும் கூட வந்திருந்த அண்ணாவும் ஒரே நேரத்தில் "என்னோடது" என்றோம். மேடம் சிரிக்கவில்லை. அத்தியாயத்தைத் திருப்பித் தந்தார். "கோட்டை அழிக்க முடியாது. புதுசா பிரிண்ட் எடுத்துட்டு வா."

மார்ச் 20

அண்ணா அந்த ப்ரோகிராமைக் கருவியில் சேமித்துவிட்டார். வைத்த பெயர்: தப்பு-1.

ஏப்ரல் 21

அடுத்த வாரத்துக்கு இடம் பிடிக்கக் கருவியின் பதிவு நோட்டைத் திறந்தேன். திங்கள் காலை ஏற்கெனவே போயிருந்தது. மாதிரி: மேடத்தினுடையது. ப்ரோகிராம் என்ற கட்டத்தில், சிவப்புப் பேனாவில், அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: தப்பு-1.

நான் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொண்டேன்.